தலை இல்லாத ரோஸ்ட்

டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து
6.10.2024

ஏத்தா சகாயமேரி, இருக்கியா? சோறு தண்ணி ஒழுங்கா எறங்குதா? பரவைப் பக்கம் மழை எப்படி? மாப்ளைக்கு முட்டுவலி தேவலையா? நான் குடுத்துவிட்ட எண்ணெயத் தேய்க்கிறாரா, இல்ல வாத்தியாரு மாத்திரைதான் முழுங்குவேங்கிறாரா? இங்க உன் மதினி மதலேன், நான், ஆடு குட்டி எல்லாம் ஒரு கொறையும் இல்லாம இருக்கோம். நீ கேக்க மாட்ட, அதான் நானே சொல்லிக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு பாண்டீஸ்வரி எழுதுறா. என் நம்பரை நீ போன்ல அடைச்சு வச்சிருக்கன்னு கண்டுபிடிச்சதும் அவதான். நான் பாட்டுக்கு டவர் இல்லன்னு நெனைச்சு, போனைத் தூக்கிக்கிட்டு தெனமும் கம்மாக்கரை மேல ஏறி எறங்குறேன். அங்கிட்டு மேய்ச்சுக்கிட்டிருந்த சோணை கேக்குறான், "என்னண்ணே, கவர்மெண்டுல கரையை அளக்கச் சொன்னாகளா"ன்னு. இவன் யாரு தெரியும்ல, முன்னால ஒரு தடவை வான்கோழிக்குப் பயந்து மாதா கோயில் மணிக்கூண்டுல ஏறி உக்காந்தானே, அவனேதான். அவன் என்னையக் கேலி பண்ற அளவுக்கு ஆக்கிட்ட.

இருக்கட்டும். நம்ம காசிமாயன் தக்காளி ஏத்திக்கிட்டு பரவை மார்க்கெட்டுக்கு வாரான்ல, அவன் சொல்றான், உன் மக ஹெப்சிபாவுக்கு மாப்ள பாத்தாச்சு, பையன் பேரு ஸ்டீவு, கிறிஸ்மஸ் விருந்துலயே பேசி முடிக்கிறாகன்னு. தாய்மாமனுக்கு சேதி தக்காளிக் கூடையோட வருது. நல்லா இருக்கு தாயி.

உனக்குக் கல்யாணம் ஆன வருசத்துல இருந்து கிறிஸ்மஸுக்கு ஆட்டுப் பின்னந்தொடைச் சந்து ஒண்ணை எலும்போட முழுசா, மஞ்சளும் மொளகும் அப்பி, தென்னமட்டைத் தணல்ல பைய வாட்டி, வாழையெலையில சுத்தி நான்தான் கொண்டாறேன். உன் மேசையில வச்சு முதத் துண்டை நான்தான் வெட்டுறேன், நீ பக்கத்துல தட்டைப் புடிச்சுக்கிட்டு நிப்ப. இது பொண்ணு பேசி முடிக்கிற விருந்து. முதத் துண்டை தாய்மாமன் வெட்டி பொண்ணு வாயில குடுக்கணும். அது எனக்குரிய எடம். அதை நான் கேட்டு வாங்கக் கூடாது, நீ கூப்பிடணும். கூப்பிடுவன்னு நெனைச்சுத்தான் இந்த லெட்டரு.

காசிமாயன் கையில குடுத்து விட்டா ஊரே படிச்ச பெறகுதான் உன் கைக்கு வரும். அதனால தபால்ல போடுறேன்.

உன் அண்ணன்
ஆரோக்கியநாதன்


பரவை
15.10.2024

அண்ணே,

நாங்க நல்லா இருக்கோம். நீயும் மதினியும் நல்லா இருக்கீங்கன்னு கவரோட தடிமன்லயே தெரிஞ்சுச்சு. கடைசிப் பக்கம் மட்டும்தான் படிச்சேன். ஸ்கூல் ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை, உன் கதையை ஒக்காந்து படிக்க எனக்கு நேரம் இல்ல. போனை அடைச்சதும் அதுக்குத்தான்.

போன கிறிஸ்மஸ் உனக்கு ஞாபகம் இருக்கா? இவுக ஹெட்மாஸ்டரை வீட்டுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காக. நீ கத்தியைக் கையில புடிச்சுக்கிட்டே திருமங்கலம் சந்தையில மாடு மெரண்ட கதையை ஆரம்பிச்ச. மாடு அடங்குறதுக்குள்ள கறி ஆறி, கொழுப்பு வெள்ளையா ஒறைஞ்சு போச்சு. அவர் ரெண்டு வாய் தின்னுட்டு கை கழுவிட்டாரு. அன்னைக்கு இவுக மூஞ்சியை நீ பாக்கல, நான் பாத்தேன்.

இந்த வருசம் வேற மாதிரி. ஸ்டீவோட அப்பா அம்மா வாராங்க. மொத்தமே பன்னெண்டு பேர்தான். முழு ஆட்டு ரோஸ்ட் சொல்லியாச்சு. சூரியபிரகாஷ்னு கேட்டரிங்காரர். தயிரும் பப்பாளிக்காயும் அரைச்சுத் தடவி ஊற வச்சு, வயித்துக்குள்ள பிரியாணியும் முட்டையும் வச்சுத் தைச்சு, மூடி போட்ட அடுப்புல மெதுவா வேக வைப்பாராம். தட்டுல காலை மடக்கி உக்காந்த மாதிரியே வருது. போட்டோ பாத்தேன். அதை மேசையில வச்சா வேற ஒண்ணும் பேச வேண்டாம்.

கெடா மட்டும் உன் கொட்டத்துல நிக்கிற செவலைய அனுப்பு. அப்பா எனக்குன்னு குடுத்த ஆட்டோட குட்டிதான அது. வேற கெடா வேண்டாம், செவலைதான் வேணும். நீ வர வேண்டாம். முதத் துண்டை சூரியபிரகாஷே வெட்டிப் பரிமாறுவாரு.

உடம்பைப் பாத்துக்க.

சகாயமேரி


டி. கல்லுப்பட்டிப் பக்கம்
22.10.2024

அம்மா பெரிய ஆபீஸரு சகாயமேரி, சொகந்தான? வேலையெல்லாம் தலையை விட்டு எறங்கிருச்சா? கடைசிப் பக்கம் மட்டும் படிப்பேன்னுட்ட. அதனால பாண்டீஸ்வரிட்ட கடைசிப் பக்கத்தை மொதல்ல எழுதச் சொன்னேன். அவ சிரிக்கிறா. "பெரியப்பா, எதை மொதல்ல எழுதினாலும் அது மொதப் பக்கந்தான்"ங்கிறா. இதையும் எழுதிட்டா பாரு.

வயித்துக்குள்ள சோத்தை வச்சுத் தைக்கிறாகளாம்ல. அது விருந்தா, ஆபரேசனா? காசிமாயன் தம்பி கல்யாணத்துக்கும் இப்படித்தான் டவுன்ல இருந்து ஒரு ரோஸ்ட்டு வந்துச்சு. முழு ஆடு. பாக்க பளபளன்னு மாப்ளையைவிட அதுதான் லெட்சணமா இருந்துச்சு. ஆளாளுக்கு அதுகூட நின்னு போட்டோ புடிச்சாங்க, பொண்ணு மாப்ள பக்கம் ஒருத்தனும் போகல. வெட்டிப் பாத்தா மேல கருகல், உள்ள ரத்தம். பொண்ணோட சித்தப்பன் ஒரு வாய் கடிச்சுட்டு, "இது இன்னும் கத்துது"ன்னு எலையை மூடிட்டாரு. உன் ஆளும் அப்படித்தான் செய்வான்னு நான் சொல்லல. அவன் நல்லாவே செய்வான், எனக்கு அது பிரச்சனையே இல்ல.

பிரச்சனை செவலை. செவலையோட எடது காதை நீ பாத்ததில்ல, ஏன்னா நீ இங்கிட்டு வந்தே வருசம் ரெண்டு ஆச்சு. அந்தக் காது வெட்டுன காது. யாரு வெட்டச் சொன்னா?

ஹெப்சிபாவுக்கு டெங்கு வந்துச்சே. ஆசுபத்திரியில ரத்தத்துல என்னமோ கொறையுது கொறையுதுன்னாக. நீ மாடிப்படியில தனியா நின்னுக்கிட்டு, மாப்ளைக்குக் கேக்காம, சேலை முந்தியால வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுன. "அண்ணே, நம்ம அந்தோணியாருக்கு ஒரு கெடாயை நேந்து விடுண்ணே, எம் புள்ள எந்திரிச்சுட்டா நானே வந்து கயித்தைப் புடிச்சுக் குடுக்குறேண்ணே"ன்ன. நான் அந்த நிமிசமே பஸ்ஸேறி ஊருக்கு வந்து, உன் ஆட்டுக் குட்டியவே புடிச்சு, காதை வெட்டி, மஞ்சத் துணி கட்டி விட்டேன். புள்ள எந்திரிச்சிருச்சு. அதுக்குப் பெறகு அந்தோணியார் திருநாள் ரெண்டு வந்து போயிருச்சு. கயித்தைப் புடிக்க நீ வரல. கெடா நிக்குது.

அது அசனத்துக்குன்னு விட்ட கெடா. ஊர் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறதுக்கு. உன் பன்னெண்டு பேருக்கு இல்ல.

மாப்ளையக் கேட்டதாச் சொல்லு. ஹெப்சிபாவுக்கு என் முத்தம்.

ஆரோக்கியநாதன்


பரவை
9.11.2024

அண்ணே,

எல்லாரும் நலம். உன் லெட்டரை போஸ்ட்மேன்ட்ட இவுகதான் வாங்குனாக. நல்ல வேளை, பிரிக்காம டிவி மேல வச்சிருந்தாக. எடுத்துப் படிச்சதும் எனக்குக் கை கால் ஓடல. அதான் இத்தனை நாளா பதில் போடல. இனிமே வீட்டுக்கு எழுதாத. எழுதியே ஆகணும்னா ஸ்கூல் அட்ரஸுக்கு எழுது.

நான் ஒண்ணும் நேரல. எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்ல. டாக்டர் பாத்தாரு, எங்க சபையில ஜெபம் பண்ணாங்க, புள்ளைக்குச் சரியாச்சு. அவ்வளவுதான். நான் கல்யாணம் ஆகி இந்தச் சபைக்கு வந்து இருபத்தஞ்சு வருசம் ஆச்சு, இங்க அந்தோணியாரும் கெடையாது, நேர்ச்சையும் கெடையாது. ஸ்டீவ் வீட்ல மாதா சுரூபம், நேர்ச்சைன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், எந்திரிச்சுப் போயிருவாங்க. அவங்க சொந்தத்துல ஒரு கல்யாணமே இதுக்காக நின்னு போயிருக்கு. எம் பொண்ணு அந்தப் பையனை எம்புட்டு ஆசையாப் பாக்குதுன்னு உனக்குத் தெரியாது.

காது ஒரு மாதிரி இருக்குன்னா தலையை எடுத்துட்டா முடிஞ்சு போச்சு. எப்படியும் தலையோட வச்சா ஸ்டீவ் அம்மாவுக்குப் பிடிக்காது. தலை வேண்டாம்னு சூரியபிரகாஷ்ட்ட சொல்லிட்டேன்.

நீ நல்லா இருந்தா சரி.

சகாயமேரி


டி. கல்லுப்பட்டிப் பக்கம்
15.11.2024

ஸ்கூல் ஆபீஸ்ல உக்காந்து படிக்கிற என் தங்கச்சிக்கு, கை கால் இப்ப ஓடுதா? மதலேனுக்குக் கண்ணுல நீர் வடியுது, சொட்டு மருந்து விடுறோம். நீ கேக்கலைன்னாலும் சொல்லணும்ல, கூடப் பொறந்தவளாச்சே.

ஞாபகம் இல்லைன்னு எழுதிட்ட. நல்ல பேனாவுல, நல்ல எழுத்துல எழுதிருக்க. பாண்டீஸ்வரி ரெண்டு தடவை வாசிச்சுக் காமிச்சா. நான் மூணாவது தடவை வேண்டாம்னுட்டேன்.

சரி, ஒரு விசயம் கேளு. நம்ம சூசை பெரியப்பா இருந்தாருல்ல. உனக்கு அவரு மீசை மட்டும் ஞாபகம் இருக்கும். அந்த மீசைக்கு தெனமும் எண்ணெய் போட்டு நீவி விடுவாரு, சாப்பிடும்போது மட்டும் ரெண்டு பக்கமும் ஒதுக்கி விடுவாரு, பஸ்ஸுல போனா சன்னல் ஓரம் உக்கார மாட்டாரு, காத்துல கலைஞ்சிருமாம். அவரு ஒரு தடவை வயித்து நோவுக்கு ஒரு கெடாயை நேந்து காது வெட்டி விட்டாரு. நோவு போயிருச்சு. கெடா கொழுத்துச்சு. பாக்கப் பாக்க அவருக்கே நாக்கு ஊறிருச்சு. மூத்த மருமகன் தலைக்கிறிஸ்மஸுக்கு வந்தப்ப, கதவைச் சாத்திக்கிட்டு அதை அறுத்து வாட்டிப்புட்டாரு.

வாட்டுன கறி வாசம் கதவுக்குள்ள நிக்குமா? தெருப் பொம்பளைக ஒவ்வொருத்தியும் அவ அவ வீட்டுச் சோத்துப் பானையைத் தூக்கிக்கிட்டு வந்து அவரு வாசல்ல வரிசையா உக்காந்துட்டாளுக. சண்டை இல்ல, சத்தம் இல்ல. எலையில சோத்தைப் போட்டு வச்சுக்கிட்டு, கதவையே பாத்துக்கிட்டு இருந்தாளுக. பெரியப்பா உள்ள இருந்து சன்னல் வழியாப் பாக்குறாரு, மூடுறாரு, பாக்குறாரு, மூடுறாரு. கடேசில அவரே சட்டியைத் தூக்கிட்டு வெளிய வந்து ஆளுக்கொரு துண்டு போட்டாரு. மருமகனுக்கு எலும்புதான் மிஞ்சுச்சு. அன்னிக்குக் கோயில் சாமியாரு வந்து சொன்னாரு, காது வெட்டுன கெடா எந்த அடுப்புல வேகுதோ அந்த வீடுதான் அசன வீடு, அங்க கதவடைக்கக் கூடாதுன்னு. இன்னி வரைக்கும் நம்ம ஊருல அதான் மொறை.

அதனால சொல்றேன். செவலை வேண்டாம். அதே ஆட்டுக்குப் பொறந்த கருப்புக் கெடா ஒண்ணு நிக்குது, காது முழுசா இருக்கு. அதைக் கொண்டுபோயி உக்கார வையி, நிக்க வையி, என்னமும் செய்யி. எனக்கு ஒரு நாற்காலி போடு. நான் கதை சொல்ல மாட்டேன், வாயத் தொறக்க மாட்டேன், முதத் துண்டை வெட்டி புள்ள வாயில குடுத்துட்டு கை கழுவிட்டு வந்துருவேன்.

பதில் போடு.

ஆரோக்கியநாதன்


டி. கல்லுப்பட்டிப் பக்கம்
1.12.2024

தங்கச்சி, பதில் இல்ல. சொகமாத்தான் இருப்ப. சொகமில்லாதவுகதான் அடுத்தவுகளுக்கு லெட்டரு போடுவாக.

காசிமாயன் உன்னைய மார்க்கெட்டுல பாத்தானாம். வெங்காயம் பொறுக்கிக்கிட்டு இருந்தியாம். "அக்கா, அண்ணன் கேட்டுச்சு"ன்னு இவன் சொல்ல, நீ "எந்த அண்ணன்"னு கேட்டியாம். வெளையாட்டுக்குத்தான் கேட்டுச்சுன்னு அவன் சமாளிக்கிறான். பாவம், கெட்டவன் இல்ல. ஆனா எனக்கு உன் கொரலு தெரியும். நீ வெளையாட்டுக்குப் பேசுற ஆளு இல்ல. சின்னப் புள்ளையிலயே கண்ணாமூச்சி ஆடுனாக் கூட உன்னையக் கண்டுபிடிச்சவன் கையைக் கடிச்சு வைப்ப. என் கட்டைவெரல்ல இன்னும் தடம் இருக்கு.

இன்னிக்குக் காலையில இருந்து சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சு யோசிச்சு பாண்டீஸ்வரியை உக்கார வச்சிருக்கேன், அவளுக்கு வீட்ல பால் காயுதாம். சொல்லிடுறேன். கருப்புக் கெடா வேண்டாம்னா வேண்டாம். நாற்காலியும் வேண்டாம். நான் அடுப்படியில நின்னுக்கிறேன். புள்ளைய ஒரு நிமிசம் உள்ள கூப்பிட்டுவிடு, அங்கன வச்சுக் குடுத்துட்டுப் போயிறேன். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.

இதுக்கு மேல எறங்க எனக்குப் படி இல்ல சகாயமேரி.

ஆரோக்கியநாதன்


பரவை
9.12.2024

அண்ணே,

நலம். ரெண்டு லெட்டரும் வந்துச்சு. ஒண்ணுல சூசை பெரியப்பா மீசை வரைக்கும் படிச்சேன், அப்புறம் மடிச்சு வச்சுட்டேன். செத்தவங்க மீசையைப் பத்திப் படிக்கிற நெலமையில நான் இல்ல. இன்னொண்ணை முழுசாப் படிச்சேன்.

அடுப்படியில வந்து நின்னாலும் நீ பேசுவ. பேசாம இருக்க உன்னால முடியாது, அது உன் குத்தம் இல்ல. பாயசம் ஊத்த வாரவங்கட்ட ஆரம்பிப்ப. அது செவலையில போய்த்தான் நிக்கும். அந்தக் கெடா உசுரோட நிக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. அது அந்த மேசையில தீந்து போகணும். அதோட இந்தப் பேச்சும் தீரணும்.

22ஆம் தேதி ஞாயித்துக்கெழமை சூரியபிரகாஷ் வண்டி வரும். கெடாயைக் குடுத்து விடு. குடுக்கலைன்னா, காசிமாயன்ட்ட நான் கேட்டது வெளையாட்டுக்குன்னு நெனைக்காத.

மதினி கண்ணை டாக்டர்ட்ட காட்டச் சொல்லு.

சகாயமேரி


டி. கல்லுப்பட்டிப் பக்கம்
22.12.2024

தங்கச்சிக்கு, நீ சொகமா இருக்கணும்னு மனசாரச் சொல்றேன், இன்னிக்கு உனக்குச் சொகந்தான். வண்டிக்காரர் கையிலயே இதைக் குடுத்து விடுறேன்.

சூரியபிரகாஷ் தம்பியே வந்துச்சு. நல்ல புள்ள. வந்த ஒடனே செருப்பைக் கழட்டிட்டு கொட்டத்துக்குள்ள போச்சு. நான் ஒரு எகத்தாளமான ஆளை எதிர்பாத்து, பேச வேண்டியதெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன், அம்புட்டும் வீணாப் போச்சு. கெடாயோட முதுகைத் தடவிப் பாத்துட்டு, "அண்ணே, நல்லா வளத்திருக்கீங்கண்ணே. இது காது என்னண்ணே இப்படி?"ன்னு கேட்டுச்சு.

"அதை உங்க மேடத்துட்ட கேளுங்க தம்பி."

"மேடம் தலையே வேண்டாம்னு சொல்லிட்டாங்கண்ணே."

"அப்ப மேடத்துக்கு காதைப் பத்தி நல்லாத் தெரியும்."

அந்தத் தம்பிக்கு ஒண்ணும் வெளங்கல. மதலேன் டீ போட்டுக் குடுத்தா. பப்பாளிக்காய் அதிகமானா கறி கூழாப் போயிரும்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நானும் தென்னமட்டைத் தணலுக்கும் கரித் தணலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தோம். உன் வீட்டு விருந்துக்கு நான் ஆகாதவன், உன் சமையக்காரருக்கு ஆகுறவன்.

கயித்தை நான் அவரு கையில குடுக்கல. நேந்தவதான் புடிச்சுக் குடுக்கணும், நான் குடுத்தா அது மொறை இல்ல. அவுத்துத் தரையில போட்டேன். அவரு எடுத்துக்கிட்டாரு. இனிமே அது உன் கெடா, உன் கயிறு. என்ன ஆகும்னு உனக்கு முன்னாடியே எழுதிட்டேன், நீ மீசையோட நிறுத்திட்ட.

வண்டியில ஏத்தும்போது செவலை கத்தல. உன் வீட்டு ஆடுல்ல, வீம்பு.

ஆரோக்கியநாதன்


பரவை
24.12.2024

அண்ணே,

உனக்கும் மதினிக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்துக்கள். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.

கெடா வந்துச்சு. இன்னைக்குக் காலையில அறுத்து, மசாலா தடவி ஊற வச்சாச்சு. தலை இல்லாம பாக்க நீட்டா இருக்கு. நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு ரோஸ்ட் மேசைக்கு வந்துரும்.

காசிமாயன் வண்டியில ஐஸ் பெட்டியில தலையை வச்சுக் குடுத்து விட்டிருக்கேன். உன் பங்குன்னு வச்சுக்க. மதினியை மொளகு போட்டுக் கொழம்பு வைக்கச் சொல்லு. காதோட அப்படியேதான் இருக்கு, நல்லாப் பாத்துக்க. இனிமே செவலையைப் பத்தி எழுத உனக்கு ஒண்ணும் இல்ல.

மாமா வரலையான்னு ஹெப்சிபா கேட்டுச்சு. உனக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிருக்கேன். யாரும் கேட்டா நீயும் அப்படியே சொல்லு.

சகாயமேரி


டி. கல்லுப்பட்டிப் பக்கம்
25.12.2024, காலை

ஏத்தா சகாயமேரி, எனக்கு ஒடம்பு சரியில்லையாம்ல. காலையில நாலு இட்லியும் மதலேன் செஞ்ச அதிரசமும் தின்னுட்டு, சீக்காளியாட்டம் வேன்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டுத்தான் இதைச் சொல்றேன். உனக்குச் சொகந்தான? மாப்ளைக்கு முட்டுவலி இல்லையே? இன்னிக்குக் கொஞ்சம் எந்திரிச்சு நிக்க வேண்டி வரும்.

இந்த லெட்டரை காசிமாயன் பைக்குல முன்னால கொண்டாறான். எப்படியும் ஒரு மணி நேரம் முன்னாடி உன் கைக்கு வந்துரும். இதையாவது முழுசாப் படி.

நீ தலையைக் குடுத்து விடாம இருந்திருந்தா, நான் என்ன சொன்னாலும் வெறும் பேச்சுதான். ஆரோக்கியநாதன் கதை விடுறான்னு ஊரு போயிருக்கும். அனுப்பிச்சது நீ. நேத்து சாயந்திரம் காசிமாயன் கோயில் முன்னாடிதான் வண்டியை நிறுத்துனான். பெட்டியைத் தொறந்தான். பூசைக்கு பாட்டுப் படிச்சுப் பழகிக்கிட்டு இருந்த அம்புட்டுப் பேரும் எட்டிப் பாத்தாக. வெட்டுன காது, மஞ்சத் துணி கட்டுன தடம். நான் ஒரு வார்த்தை சொல்லல. சத்தியமா, இந்த ஒரு தடவை நான் வாயே தொறக்கல. சோணைதான் கேட்டான், "அப்ப ஒடம்பு எங்கப்பா வேகுது?"ன்னு. காசிமாயன் "பரவையில"ன்னுட்டான்.

அம்புட்டுத்தான். சூசை பெரியப்பா வாசல்ல உக்காந்த கெழவிக ரெண்டு பேரு இன்னும் உசுரோட இருக்காக, அவுகதான் மொதல்ல பானையை வெளக்குனது.

ரெண்டு வேனு. சோறு நாங்களே வடிச்சுக் கொண்டாறோம், எலையும் இருக்கு. கறி உன் வீட்ல. ஆளுக்கு ஒரு துண்டு, புளியங்கொட்டை அளவு வந்தாலும் போதும், ஒருத்தரும் மொணங்க மாட்டாக. நடு வீட்டுக்குள்ள வர மாட்டோம். வாசல்ல உக்காருவோம். நீ கதவை மட்டும் சாத்தாத. சாத்தினா அவுக அங்கனயே உக்காந்துருப்பாக, அப்ப ஸ்டீவோட அம்மா என்னன்னு கேப்பாக.

கேப்பாகதான. கேட்டா நான் சொல்றேன். நேந்தது ஆரோக்கியநாதன், தங்கச்சிக்குத் தெரியாம நேந்தேன், தங்கச்சிக்கு இதெல்லாம் ஆகாதுன்னு. ஊருக்கும் அப்படித்தான் தெரியும். நீ மாடிப்படியில நின்னு அழுதது எனக்குத் தெரியும், அந்தோணியாருக்குத் தெரியும், இந்தா எழுதுறாளே இவளுக்குத் தெரியும். நாங்க மூணு பேரும் சொல்ல மாட்டோம். உன் பேரு என் வாயில வராது. உனக்கு ஞாபகம் இல்லைல்ல, அப்படியே இருக்கட்டும்.

உன் சம்பந்தக்காரவுக நேர்ச்சைக் கறியைத் தொட மாட்டாக. தொட வேண்டாம், எனக்கும் அது தெரியும். உன் தட்டுல உக்காந்திருக்கே செவலை, அது வாசலுக்கு வந்துரும். மேசை வெறிச்சோடிப் போயிருமேன்னு நீ பதறாத. கருப்புக் கெடாயை நேத்தே அறுத்துட்டேன். காது முழுசா இருந்த கெடா, ஒருத்தருக்கும் நேராத கெடா. அதோட ரெண்டு பின்னஞ்சந்தும் எலும்போட, மஞ்சளும் மொளகும் அப்பி, விடிஞ்சதுல இருந்து தணல்ல பைய வாட்டி, வாழையெலையில சுத்தி மடியில வச்சிருக்கேன். வேட்டியில சூடு ஏறுது. பன்னெண்டு பேருக்குத் தாராளமாக் காணும். இன்னிக்கு உன் மேசையில அவுக தின்னக்கூடிய கறி இது ஒண்ணுதான். இதை வெட்டுற கத்தியும் என்கிட்டதான் இருக்கு.

எனக்கு நாற்காலி போடுவியா, அடுப்படியில நிறுத்துவியா, அது உன் இஷ்டம். கதை சொல்ல மாட்டேன். அந்த மாட்டுக் கதையும் அன்னிக்கு பாதியிலதான் நின்னுச்சு, மாடு அடங்குச்சா இல்லையான்னு உங்க ஹெட்மாஸ்டருக்கு இன்னி வரைக்கும் தெரியாது, கேட்டா மட்டும் சொல்லுவேன். அந்த மாடு யாரு மாடுன்னா

இருப்பா, ஆரனை அடிக்காத, பாண்டீஸ்வரி இன்னும் எழுதிக்கிட்டு இருக்கா. மதலேன் வேற பானை சரியுதுன்னு கூப்பாடு போடுறா. காசிமாயன் வண்டியை முறுக்கிட்டான். சகாயமேரி, ஒண்ணே ஒண்ணு. முதத் துண்டை நான் புள்ள வாயில குடுக்கும்போது, உனக்கு என் மேல எம்புட்டுக் கோவம் இருந்தாலும் சரி, நீ அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்காம, வழக்கமா நீ செய்வியே, என் பக்கத்துல வந்து அந்தத் தட்டைப் புடிச்சுக்கிட்டு